ரிசீவர் லைட் எரியுது, ஆனா பீட்டாஃப்ளைட்ல ஸ்டிக் அசையல: எங்க அறுந்திருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறது

பின்னாடி வந்து படிக்கிறவங்களுக்காக கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். தம்பி ஒரு 5 இன்ச் குவாட் (நாலு மோட்டார் ட்ரோன்) கட்டியிருக்காரு, எஃப்405 ஃப்ளைட் கண்ட்ரோலர் (ட்ரோனோட மூளை போர்டு), 2.4 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் (ரேடியோ லிங்க் சிஸ்டம்) ரிசீவர், ரிமோட்ல எட்ஜ்டிஎக்ஸ் ஃபர்ம்வேர் (உள்ள ஓடுற மென்பொருள்). ரிமோட்டை ஆன் பண்ணி பேட்டரி குத்தினா ரிசீவர் லைட் விடாம எரியுது, ஆனா பீட்டாஃப்ளைட்ல, அதாவது அந்த போர்டுல ஓடுற மென்பொருள்ல, ரிசீவர் டேப்ல ஒரு பார் கூட நகரல. ஒரு ரிசீவரை கழட்டிட்டு வேற ஒண்ணு போட்டும் பாத்தாச்சு, அதே நிலைமை. மூணாவது ஆர்டர் போடலாமான்னு கேக்குறாரு.

போடாதீங்க. ரெண்டு ரிசீவரும் ஒரே மாதிரி அடம் பிடிக்குதுன்னா பிரச்சனை ரிசீவர்ல இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. நீங்க ஸ்டிக்கை அசைச்சா அது மோட்டாருக்கு போய் சேர்றதுக்குள்ள பல கை மாறுது, ரிமோட்ல இருந்து அதோட மாட்யூலுக்கு, மாட்யூல்ல இருந்து காத்து வழியா ரிசீவருக்கு, ரிசீவர்ல இருந்து வயர் வழியா ஃப்ளைட் கண்ட்ரோலருக்கு, அப்புறம் பீட்டாஃப்ளைட் அதை புரிஞ்சுக்கணும். இதுல எந்த இடத்துல அறுந்திருக்குன்னு தெரியாம சால்டரிங் அயர்னை கையில எடுத்தா, நல்லா இருக்கிற பேடையும் சேர்த்து பிச்சு எடுத்துருவீங்க. அதனால முதல்ல இடத்தை கண்டுபிடிக்கிறது, அப்புறம் தான் கை வைக்கிறது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ப்ராப்பெல்லர் நாலையும் கழட்டி வெச்சிடுங்க. பெஞ்ச்ல ரிசீவர் வேலை பாக்கும்போது என்ன நேரத்துல லிங்க் வரும், எந்த சுவிட்ச் ஆர்ம் ஆகும்னு (மோட்டார் சுத்த அனுமதி கிடைக்கும்னு) யாரும் சொல்ல முடியாது, 5 இன்ச் ப்ராப் விரல்ல பட்டா தையல் தான். இதுல மட்டும் சமரசமே வேண்டாம்.

இப்ப லைட்டுக்கு வருவோம். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ல லைட் எரியுற விதத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. அரை செகண்டுக்கு ஒருதரம் மெதுவா மினுக்கினா ரிமோட்டை தேடிக்கிட்டு இருக்கு. படபடன்னு ரொம்ப வேகமா அடிச்சா வைஃபை மோடுக்கு போயிடுச்சு. ரெண்டு மினுக்கு, ஒரு இடைவெளி, மறுபடி ரெண்டுன்னா பைண்ட் மோடு, அதாவது ரிமோட்டோட ஜோடி சேர காத்திருக்கு. மூணு மினுக்கு ஒரு இடைவெளின்னா ரிமோட்டோட சேர்ந்துடுச்சு ஆனா மாடல் மேட்ச் (ரிமோட்ல இருக்கிற மாடல் எண்ணும் ரிசீவர்ல இருக்கிறதும்) ஒத்துப்போகல. விடாம எரிஞ்சா கனெக்ட் ஆயிடுச்சு. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும், ஆனா உங்க கேஸ்ல முக்கியமான சிக்கலே இந்த கடைசி ஒண்ணுல தான் இருக்கு, ஏன்னா விடாம எரியுறதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு.

ரிமோட்டை ஆஃப் பண்ணிடுங்க, பேட்டரியை பிடுங்கிட்டு மறுபடி குத்துங்க, ரிசீவரை மட்டும் பாருங்க. மெதுவா மினுக்கணும். ரிமோட்டே ஆஃப்ல இருக்கும்போதும் பவர் கொடுத்த அடுத்த நொடியே லைட் விடாம எரியுதுன்னா அது கனெக்ட் ஆனதுக்கான லைட் இல்ல, ரிசீவர் பூட்லோடர்ல மாட்டிக்கிட்டு நிக்குது, அதாவது ஃபர்ம்வேரே ஓடல, யாராவது புதுசா ஃப்ளாஷ் பண்ணுவாங்களான்னு (ஃபர்ம்வேர் ஏத்துவாங்களான்னு) காத்துக்கிட்டு இருக்கு. இதை கனெக்ட் ஆயிடுச்சுன்னு நினைச்சு பீட்டாஃப்ளைட்ல மணிக்கணக்கா தேடுறவங்க நிறைய பேர்.

அப்படி மாட்டுறதுக்கு காரணம் பெரும்பாலும் ரெண்டு தான். ஒண்ணு, ரிசீவர்ல இருக்கிற குட்டி பூட் பட்டன் ஹீட்ஷ்ரிங்க் அழுத்தத்துல உள்ள போய் அமுங்கிக்கிட்டு இருக்கும், இல்ல பூட் பேடுல ஈயம் வழிஞ்சு பிரிட்ஜ் ஆகியிருக்கும். ஹீட்ஷ்ரிங்க்கை கீறி எடுத்து ஒரு லென்ஸ் வெச்சு பாத்தா தெரிஞ்சிடும். இன்னொண்ணு கொஞ்சம் நுணுக்கமானது, ஃப்ளைட் கண்ட்ரோலர் பக்கத்து யூஆர்ட் (சீரியல் போர்ட்) பின் பவர் வரும்போது சிக்னல் லைனை கீழ இழுத்து பிடிச்சிருந்தா ரிசீவர் அதை பாத்துட்டு பூட்லோடருக்குள்ள போயிடும். ரிசீவர் எத்தனை மாத்தினாலும் இது சரியாகாது, ஏன்னா கோளாறு போர்டு பக்கம். உங்க கேஸ்ல ரெண்டு ரிசீவரும் ஒரே மாதிரி நடந்துக்குதுன்னு சொன்னதும் எனக்கு முதல் சந்தேகம் இங்க தான் போச்சு. செக் பண்றது சுலபம், ரிசீவர்ல 5 வோல்ட், கிரவுண்ட் ரெண்டை மட்டும் விட்டுட்டு டிஎக்ஸ் (அனுப்புறது), ஆர்எக்ஸ் (வாங்குறது) ரெண்டு சிக்னல் வயரையும் கழட்டி பவர் கொடுங்க. இப்ப மெதுவா மினுக்க ஆரம்பிச்சா ரிசீவர் நல்லா தான் இருக்கு, வேற யூஆர்டுக்கு மாத்துங்க.

ரிமோட் ஆஃப்ல மினுக்குது, ஆன் பண்ணா விடாம எரியுதுன்னா ரொம்ப சந்தோஷம், காத்துல இருக்கிற லிங்க் சரியா இருக்குன்னு அர்த்தம். ரிமோட்ல எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் லுவா ஸ்கிரிப்டை (செட்டிங் மெனுவை) திறந்து மேல வலது மூலையில சி எழுத்து வந்திருக்கான்னு ஒருதரம் பாத்து உறுதி பண்ணிக்கோங்க. அதுக்கப்புறம் பைண்டிங் பத்தி ஒரு செகண்ட் கூட யோசிக்க வேண்டாம், வயருக்கும் பீட்டாஃப்ளைட்டுக்கும் போயிடலாம்.

வயர்ல முதல் விஷயம், ரிசீவரோட டிஎக்ஸ் போர்டோட ஆர்எக்ஸுக்கு போகணும், ரிசீவரோட ஆர்எக்ஸ் போர்டோட டிஎக்ஸுக்கு. ஒருத்தர் வாய் இன்னொருத்தர் காதுக்கு தானே போகணும், வாயும் வாயும் சேர்த்து வெச்சா யாருக்கும் எதுவும் கேக்காது. அதோட ரெண்டும் ஒரே யூஆர்ட் நம்பரா இருக்கணும், ஆர்எக்ஸ்2 பேடுக்கு ஒண்ணு, டிஎக்ஸ்3 பேடுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சா ஸ்டிக் ஒருவேளை வேலை செய்யும், டெலிமெட்ரி (ட்ரோன்ல இருந்து ரிமோட்டுக்கு திரும்பி வர்ற தகவல்) வராது.

எஃப்405 போர்டுல எல்லாரும் தடுக்கி விழுற இடம் எஸ்பஸ்னு எழுதியிருக்கிற பேடு. எஸ்பஸ்ங்கிறது வேற வகை ரிசீவர் பேசுற மொழி, அதோட சிக்னல் தலைகீழா வரும், எஃப்4 சிப்பால அதை நேரா படிக்க முடியாது, அதனால போர்டு செய்றவங்க அந்த பேடுக்கும் சிப்புக்கும் நடுவுல ஒரு இன்வெர்ட்டரை வெச்சிருப்பாங்க. எஃப்7, எச்7 சிப்புல இன்வெர்ஷன் சிப்புக்குள்ளயே பண்ணிக்கலாம், அங்க இந்த தொல்லை இல்ல. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் பேசுறது சிஆர்எஸ்எஃப், அது தலைகீழ் கிடையாது. அதை கொண்டு போய் எஸ்பஸ் பேடுல சால்டர் பண்ணா இன்வெர்ட்டர் அதை திருப்பி போட்டு அனுப்பும், ஃப்ளைட் கண்ட்ரோலருக்கு ஒண்ணும் புரியாது. எஸ்பஸ்னா ரிசீவருக்கான பேடு, அதுல தானே ரிசீவரை போடணும்னு தோணும், நியாயம் தான், ஆனா போர்டோட வயரிங் படத்தை எடுத்து அந்த பேடுல இன்வெர்ட்டர் இருக்கா, சிஆர்எஸ்எஃபுக்கு எந்த பேடு சொல்லியிருக்காங்கன்னு பாத்துட்டு வைங்க.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தா இதுல பாதியை கண்ணால பாத்துடலாம். டிசி வோல்ட்ல வெச்சு கருப்பு முனையை கிரவுண்டுல பிடிச்சுக்கிட்டு சிவப்பை முதல்ல ரிசீவரோட 5 வோல்ட் பேடுல தொடுங்க, ஃப்ளைட் கண்ட்ரோலர் பேடுல இல்ல, ரிசீவர் பேடுலயே. 5 வோல்ட் பக்கத்துல இருக்கணும், 4.5க்கு கீழ போனா பவர் பக்கம் பாக்கணும். அடுத்து ரிசீவரோட டிஎக்ஸ் பேடை தொடுங்க. சிஆர்எஸ்எஃப் லைன் சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்ல நிக்கும், ரிமோட் கனெக்ட் ஆகி டேட்டா ஓட ஆரம்பிச்சதும் மீட்டர் அதோட சராசரியை காட்டும், அதனால 3.3க்கு லேசா கீழ இறங்கும். கனெக்ட் ஆகும்போது அந்த சின்ன இறக்கம் தெரிஞ்சா ரிசீவர் பேசுதுன்னு அர்த்தம். இப்ப அதே வயரோட மறுமுனையை ஃப்ளைட் கண்ட்ரோலர் பேடுல தொட்டு பாருங்க, அங்கயும் அதே அளவு வந்தா வயர் ஓகே. ரிசீவர் முனையில 3.2 காட்டி போர்டு முனையில பூஜ்யம்னா வயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு இல்ல கோல்ட் சால்டர், மேல உருண்டையா நிக்கும், அடியில ஒட்டியே இருக்காது. ரெண்டு முனையிலயும் பூஜ்யம்னா பக்கத்து கிரவுண்ட் பேடோட பிரிட்ஜ் ஆகியிருக்கான்னு பவரை எடுத்துட்டு கன்டின்யூட்டி வெச்சு பாருங்க.

யூஎஸ்பி மட்டும் குத்தி டெஸ்ட் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நிறைய போர்டுல 5 வோல்ட் பேடுக்கு பேட்டரி போட்டா தான் கரண்ட் வரும், 4வி5ன்னு எழுதியிருக்கிற பேடுக்கு மட்டும் யூஎஸ்பில இருந்தும் வரும். ரிசீவர் லைட்டே எரியலன்னு பதறுறவங்கள்ல பல பேர் கதை இது தான். இதோட இன்னொரு பக்கமும் இருக்கு, 4வி5ல ரிசீவர் இருக்கும், நீங்க யூஎஸ்பி குத்திட்டு பீட்டாஃப்ளைட்ல மெதுவா செட்டிங் பாத்துக்கிட்டு இருப்பீங்க, ரிமோட் ஆன் பண்ணாம 60 செகண்ட் போனா ரிசீவர் தானா வைஃபைக்கு போயிடும், அதுக்கப்புறம் ரிமோட் ஆன் பண்ணா கனெக்ட் ஆகாது. லைட் படபடன்னு அடிக்குதேன்னு பாத்துட்டு பவரை எடுத்து மறுபடி கொடுங்க, ரிமோட்டை முதல்லயே ஆன் பண்ணி வைங்க, அவ்ளோ தான்.

சரி, வயர் சுத்தம்னு வெச்சுக்குவோம், இப்ப பீட்டாஃப்ளைட். போர்ட்ஸ் டேப்ல நீங்க சால்டர் பண்ண அதே யூஆர்டுக்கு நேரா சீரியல் ஆர்எக்ஸ் ஆன் ஆகியிருக்கணும், அதே வரியில டெலிமெட்ரியோ எம்எஸ்பியோ வேற எதுவும் ஆன் ஆகியிருக்கக் கூடாது, வேற யூஆர்டுல இன்னொரு சீரியல் ஆர்எக்ஸும் இருக்கக் கூடாது. சேவ் பண்ணாம அடுத்த டேபுக்கு போயிடாதீங்க. ரிசீவர் டேப்ல மோடு சீரியல், ப்ரொவைடர் சிஆர்எஸ்எஃப். அப்புறம் சிஎல்ஐல (கட்டளை அடிக்கிற டேப்ல) சீரியல்ஆர்எக்ஸ் இன்வெர்ட்டட், சீரியல்ஆர்எக்ஸ் ஹாஃப்டூப்ளெக்ஸ் ரெண்டும் ஆஃப்ல இருக்கணும், முன்னாடி வேற ரிசீவர் போட்டிருந்த போர்டுன்னா, இல்ல யாரோ கொடுத்த டம்ப்பை (செட்டிங் பட்டியலை) ஒட்டியிருந்தா இது ரெண்டுல ஒண்ணு ஆன்ல கிடக்கும்.

இங்க பல பேருக்கு தெரியாத ஒரு காரணம் இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க. பீட்டாஃப்ளைட் 4.4ல இருந்து க்ளவுட் பில்ட் வந்துடுச்சு, ஃப்ளாஷ் பண்ணும்போது ரேடியோ ப்ரோட்டோகால் என்னன்னு கேக்கும், நீங்க எதை தேர்ந்தெடுக்குறீங்களோ அதுக்கான கோடை மட்டும் தான் போர்டுக்குள்ள வைக்கும். அங்க எஸ்பஸ்னு இருந்ததை கவனிக்காம ஃப்ளாஷ் அடிச்சிருந்தா உங்க போர்டுல சிஆர்எஸ்எஃப்ங்கிற மொழியே இல்ல, அப்புறம் வயரிங் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் பார் அசையாது. சந்தேகமா இருந்தா சிஎல்ஐல டிஃப் ஆல் (நீங்க மாத்தின செட்டிங் எல்லாம்) எடுத்து சேமிச்சு வெச்சுக்கிட்டு, சிஆர்எஸ்எஃப் தேர்ந்தெடுத்து மறுபடி ஃப்ளாஷ் பண்ணுங்க. ரிசீவரும் நல்லா இருக்கு, வயரும் நல்லா இருக்கு, ஆனாலும் வேலை செய்யலன்னு வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறதே இதை தான்.

பார் அசைய ஆரம்பிச்சும் சிலது பாக்கி இருக்கும். த்ராட்டில் ஏத்தினா ரோல் பார் நகருதுன்னா சேனல் மேப் மாறியிருக்கு, எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸுக்கு ஏஇடிஆர் (ரோல், பிட்ச், த்ராட்டில், யா வரிசை) தான். ஆர்ம் சுவிட்சை ஆக்ஸ்1ல, அதாவது சேனல் 5ல வைங்க, இது வெறும் வழக்கம் இல்ல, ஆர்ம் ஆகியிருக்கா இல்லையாங்கிறதை அந்த சேனலை வெச்சு தான் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் தெரிஞ்சுக்குது, டிஸ்ஆர்ம் 1000 பக்கம், ஆர்ம் 2000 பக்கம். ஆர்ம் ஆக மாட்டேங்குதுன்னா ஊகம் பண்ண வேண்டாம், சிஎல்ஐல ஸ்டேட்டஸ்னு அடிங்க, கடைசில ஆர்மிங் டிஸேபிள் ஃப்ளாக்ஸ்னு ஒரு வரி வரும், அங்க ஆர்எக்ஸ்லாஸ்னு இருந்தா ரிசீவர் டேட்டா வரல, த்ராட்டில்னு இருந்தா ஸ்டிக் கீழ இல்ல, சிஎல்ஐன்னு இருக்கிறது நீங்க அந்த டேப்ல இருக்கிறதால, அதை கண்டுக்காதீங்க.

உங்களுக்கு லைட் கனெக்டே ஆகாம மினுக்கிக்கிட்டே இருந்தா கதை வேற. அப்ப ரிமோட் பக்கம் பாருங்க. எட்ஜ்டிஎக்ஸ்ல புது மாடல் உருவாக்கினா இன்டர்னல் மாட்யூல், எக்ஸ்டர்னல் மாட்யூல் எது ஆன்ல இருக்குன்னு பாக்கணும், நீங்க பயன்படுத்துறது எதுவோ அதை சிஆர்எஸ்எஃப்ல வெச்சு மத்ததை ஆஃப் பண்ணுங்க. லுவா ஸ்கிரிப்ட் லோடிங்னு காட்டிக்கிட்டே நின்னா ரிமோட்டும் மாட்யூலும் பேசிக்கவே இல்ல, ரிசீவரை திட்டி பிரயோஜனம் இல்ல. அது சரின்னா வெர்ஷனை பாருங்க, 2.x போட்ட ரிமோட்டும் 3.x போட்ட ரிசீவரும் ஒருநாளும் சேராது, முதல் எண் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். கடையில பல நாளா கிடந்த ரிசீவர் பழைய வெர்ஷன்ல வர்றது சகஜம். அதை அப்டேட் பண்ண வைஃபை மோடுக்கு போக விடுங்க, போன்ல எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ஆர்எக்ஸ்னு ஒரு நெட்வொர்க் தெரியும், பாஸ்வேர்டு எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் தான், ஆங்கிலத்துல எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லாம. சேர்ந்ததும் பிரவுசர்ல 10.0.0.1 அடிச்சா பக்கம் திறக்கும், வெர்ஷன் மேலயே இருக்கும், பைண்டிங் ஃபிரேஸையும் (ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடுற ஜோடி சொல்) அங்கயே போடலாம். போன் இந்த நெட்வொர்க்ல இன்டர்நெட் இல்லன்னு சொல்லி தானா மொபைல் டேட்டாவுக்கு தாவிடும், டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு முயற்சி பண்ணுங்க. ஃபிரேஸ்ல ஒரு பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் சேராது.

ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 வெச்சிருக்கிறவங்களுக்கும் சுருக்கமா சொல்றேன், காலேஜ் ப்ராஜெக்ட்ல பாதி பேர்கிட்ட அது தான் இருக்கு. ஐஏ6பி ரிசீவர்ல ஐபஸ் போர்ட் ரெண்டு இருக்கும், சர்வோன்னு ஒண்ணு, சென்ஸ்னு ஒண்ணு. ஃப்ளைட் கண்ட்ரோலருக்கு போக வேண்டியது சர்வோ. சென்ஸ்ல குத்தினா லைட் அழகா எரியும், ஸ்டிக் அசையாது. ரிமோட் மெனுல ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ ஆன்ல இருக்கணும், பீட்டாஃப்ளைட்ல ப்ரொவைடர் ஐபஸ்.

இனி ஆன்டெனா. பெஞ்ச்ல எல்லாம் ஓடும், பறக்க விட்டா நூறு மீட்டர்ல ஃபெயில்சேஃப் ஆகி (சிக்னல் அறுந்து) விழும், அப்படிப்பட்ட கேஸ் முக்கால்வாசி இங்க தான் முடியும். ஓஎஸ்டில (வீடியோ மேல தெரியுற எழுத்துல) லிங்க் க்வாலிட்டியும் (எவ்வளவு டேட்டா ஒழுங்கா சேருதுங்கிறது) ஆர்எஸ்எஸ்ஐ டிபிஎம்மும் (சிக்னல் பலம்) ரெண்டையும் போடுங்க. ஒரு மீட்டர் தூரத்துல ரிமோட்டை வெச்சிருக்கும்போது டிபிஎம் மைனஸ் முப்பதுலயோ நாப்பதுலயோ இருக்கணும், அங்கயே மைனஸ் எண்பது காட்டினா ரிசீவர் ஆன்டெனா கழண்டிருக்கு இல்ல உள்ள உடைஞ்சிருக்கு. அந்த குட்டி கனெக்டர் பாக்க உக்காந்த மாதிரியே இருக்கும், நகத்தால அழுத்தினா தான் டக்குனு உள்ள போகும். ஒரு க்ராஷுக்கு அப்புறம் இதை தான் முதல்ல பாக்கணும். பாக்கெட் ரேட் 500 ஹெர்ட்ஸ்ல சுமார் மைனஸ் 105, 250ல மைனஸ் 108, 50ல மைனஸ் 115 வரைக்கும் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் தாங்கும், அதனால டிபிஎம் அந்த எல்லையை நெருங்கும்போது திரும்பிடணும், லிங்க் க்வாலிட்டி விழற வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

ஆன்டெனாவை கார்பன் ஃபைபர் கை மேல ஒட்டி வைக்காதீங்க, கார்பன் மின்சாரத்தை கடத்தும், சிக்னலை மறைக்கும். 2.4க்கு கால் அலைநீளம் வெறும் 31 மில்லிமீட்டர், அந்த முனையில நாலு மில்லிமீட்டர் ப்ராப் வெட்டினா கூட கணக்கு மாறிடும். ஆன்டெனா முனை உங்களை நேரா பாத்த மாதிரி இருந்தா அந்த திசையில சிக்னல் ரொம்ப பலவீனம், நிமிர்த்தி வைங்க, வீடியோ ஆன்டெனால இருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ தள்ளி வைங்க. அதோட லுவால பவர் 10 மில்லிவாட்ல நிக்குதான்னு பாத்துக்கோங்க. ரிமோட் மாட்யூலை மட்டும் ஆன்டெனா இல்லாம ஒருநாளும் ஆன் பண்ணாதீங்க, வெளியே போக வழி இல்லாத பவர் திரும்பி வந்து ஆம்ப்ளிஃபையரை கருக்கிடும்.

எல்லாம் சரியானதும் ப்ராப் மாட்டுறதுக்கு முன்னாடி ஃபெயில்சேஃப் டெஸ்ட் கட்டாயம். ப்ராப் இல்லாம ஆர்ம் பண்ணி, லேசா த்ராட்டில் கொடுத்து, மோட்டார் ஓடும்போது ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. கொஞ்ச நேரத்துல மோட்டார் நிக்கணும், நீங்க ட்ராப் (சிக்னல் போனா மோட்டாரை நிறுத்துற வகை) செட் பண்ணியிருந்தா. நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா அந்த குவாட் இன்னிக்கு வெளிய போகக் கூடாது. ஃப்ளைஸ்கை மாதிரி செட்ல ஃபெயில்சேஃப்ல த்ராட்டில் எங்க நிக்கணும்னு ரிமோட்லயும் செட் பண்ணணும், இல்லன்னா கடைசியா வந்த வேல்யூவையே பிடிச்சுக்கிட்டு நிக்க வாய்ப்பு இருக்கு, 5 இன்ச் குவாட் அப்படி பறந்து போய் ஒரு ஆள் மேல விழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. இந்த டெஸ்டை ஃபர்ம்வேர் மாத்தும்போதெல்லாம் திரும்ப பண்ணுங்க.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ற வரிசை: முதல்ல ரிமோட் ஆஃப்ல லைட் எப்படி எரியுதுன்னு பாருங்க, அப்புறம் எந்த பேடுல சால்டர் பண்ணியிருக்கீங்கன்னு பாருங்க, மூணாவது க்ளவுட் பில்ட். அதுக்கும் மசியலன்னா ரிசீவர், போர்டு ரெண்டு பக்க சால்டரும் தெளிவா தெரியுற மாதிரி நல்ல வெளிச்சத்துல ஒரு போட்டோ, சிஎல்ஐல ஸ்டேட்டஸ் அடிச்சா வர்றது முழுசா, போர்டோட பேரு, இந்த மூணையும் போடுங்க. மல்டிமீட்டர்ல ரிசீவர் டிஎக்ஸ் பேடுல என்ன வோல்ட் வந்துச்சுன்னும் சேர்த்து எழுதுங்க, அது இருந்தா பாதி நேரம் மிச்சம்.